ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம்

ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் என்பது செயற்கை நுண்ணறிவைத் தேசிய இலக்காக ஏற்று ஜப்பானிய அரசு 1982 முதல் 1992 வரை நடத்திய ஆய்வுத் திட்டம் ஆகும். அந்நாட்டின் பன்னாட்டு வணிக, தொழில்துறை அமைச்சு (சுருக்கமாக மிட்டி) இத்திட்டத்துக்குத் தலைமை தாங்கியது. மனிதர் பேசும் மொழியைப் புரிந்துகொண்டு, சேமித்து வைக்கப்பட்ட அறிவிலிருந்து தானாகவே முடிவுகளை உய்த்துணரும் கணினிகளை உருவாக்குவது இதன் நோக்கமாக இருந்தது.

ஏறத்தாழ 5,400 கோடி யென் செலவிடப்பட்ட இத்திட்டம், அறிவிக்கப்பட்டபோது உலகெங்கும் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, மேற்கு ஐரோப்பிய நாடுகள் ஆகியன இதற்குப் போட்டியாகத் தத்தம் திட்டங்களைத் தொடங்கின. இந்தியாவிலும் இதே வழியில் ஓர் ஆய்வுத் திட்டம் உருவானது. பத்தாண்டுகளின் முடிவில் திட்டமிட்ட இயந்திரங்கள் பல கட்டி முடிக்கப்பட்டன. எனினும் அவை சந்தையில் இடம்பெறவில்லை. இன்று செயற்கை நுண்ணறிவுக்கெனத் தேசியத் திட்டங்களை வகுக்கும் அரசுகள் எவற்றைச் செய்யலாம், எவற்றைத் தவிர்க்கலாம் என்பதை அறிய இத்திட்டத்தின் வரலாறு உதவுகிறது.

பின்னணி

கணினிகளின் வளர்ச்சி, அவற்றின் அடிப்படை மின்னணுக் கூறுகளைக் கொண்டு தலைமுறைகளாகப் பிரிக்கப்படுவது வழக்கம். வெற்றிடக் குழாய்களால் ஆனவை முதல் தலைமுறை. திரிதடையங்களால் ஆனவை இரண்டாம் தலைமுறை. தொகுப்புச் சுற்றுகளால் ஆனவை மூன்றாம் தலைமுறை. மிகப்பேரளவுத் தொகுப்புச் சுற்றுகளால் ஆனவை நான்காம் தலைமுறை ஆகும். இவை நான்கும் கூறுகளில் வேறுபட்டாலும் செயற்படும் முறையில் ஒன்றே. நினைவகத்திலுள்ள கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செயற்படுத்தும் வான் நியூமன் கட்டமைப்பையே இவை அனைத்தும் பின்பற்றின. இக்கட்டமைப்பையே மாற்ற வேண்டும் என்பதால்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் தங்கள் திட்டத்துக்கு "ஐந்தாம் தலைமுறை" எனப் பெயரிட்டனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானின் தொழில் வளர்ச்சியை வழிநடத்தியதில் மிட்டி அமைச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. 1976 முதல் 1980 வரை அவ்வமைச்சு நடத்திய மிகப்பேரளவுத் தொகுப்புச் சுற்றுத் திட்டத்தில் பூஜிட்சு, ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, என்.இ.சி., தோஷிபா ஆகிய ஐந்து போட்டி நிறுவனங்கள் ஒரே ஆய்வுக் கூட்டமைப்பில் இணைந்து பணியாற்றின. 1980களில் நினைவகச் சில்லுச் சந்தையில் ஜப்பான் முன்னணிக்கு வர அத்திட்டம் துணை நின்றது. இவ்வெற்றி, அடுத்த பெரிய முயற்சிக்கான துணிவை அமைச்சுக்கு அளித்தது.

இதற்கு மேலும் இரு காரணங்கள் இருந்தன.

முதலாவது, பிறர் உருவாக்கியதைப் பின்பற்றும் நாடு என்ற பெயரை நீக்கும் விருப்பம். அக்காலத்தில் ஜப்பானின் பெரிய கணினி நிறுவனங்கள் சில, ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினிகளோடு ஒத்தியங்கும் கணினிகளையே தயாரித்து வந்தன. 1982 சூன் மாதத்தில், ஐ.பி.எம். நிறுவனத்தின் தொழில் இரகசியங்களைப் பெற முயன்றதாக ஹிட்டாச்சி, மிட்சுபிஷி நிறுவனங்களின் ஊழியர்கள் மீது ஐக்கிய அமெரிக்காவில் குற்றஞ்சாட்டப்பட்டது. மற்றவர் வகுத்த பாதையில் நெடுந்தொலைவு செல்ல இயலாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இரண்டாவது, மொழி. ஆயிரக்கணக்கான காஞ்சி எழுத்துக்களைக் கொண்ட ஜப்பானிய மொழியை ஆங்கில விசைப்பலகையில் உள்ளிடுவது கடினமாக இருந்தது. 1978 இல் தோஷிபா அறிவித்த முதல் ஜப்பானிய மொழிச் சொற்செயலியின் விலை 63 இலட்சம் யென். கணினி தம் மொழியைப் புரிந்துகொண்டால் ஒழிய, பொதுமக்கள் அதனை அணுக முடியாது என்ற கருத்து ஜப்பானில் வலுவாக நிலவியது. எனவே இயல்மொழியைக் கையாளும் கணினி என்பது அவர்களுக்கு ஆய்வக ஆர்வமாக மட்டும் அமையாமல் அன்றாடத் தேவையாகவும் இருந்தது.

திட்டம் உருவான விதம்

1979 இல் மிட்டி அமைச்சு, 1990களுக்கான கணினிகள் எவ்வாறு இருக்க வேண்டும் என ஆராய ஒரு குழுவை அமைத்தது. தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தோரு மோட்டோ-ஓக்கா இக்குழுவின் தலைவராக இருந்தார். குழு தன் ஆய்வைத் தொழில்நுட்பத்திலிருந்து தொடங்காமல் சமூகத் தேவைகளிலிருந்து தொடங்கியது குறிப்பிடத்தக்கது. அக்குழு சுட்டிய முதன்மைத் தேவைகள் வருமாறு:

- உற்பத்தித்திறன் குறைந்த துறைகளில் அதனை உயர்த்துதல்
- பன்னாட்டு ஒத்துழைப்பில் பங்களித்தல்
- எரிசக்தியையும் இயற்கை வளங்களையும் சிக்கனமாகப் பயன்படுத்துதல்
- முதியோர் பெருகிவரும் சமூகத்தின் சிக்கல்களை எதிர்கொள்ளுதல்

1981 அக்டோபர் மாதம் தோக்கியோவில் நடைபெற்ற பன்னாட்டு மாநாட்டில் திட்டம் வெளியிடப்பட்டது. வெளிநாட்டு ஆய்வாளர்களும் இதற்கு அழைக்கப்பட்டிருந்தனர். ஜப்பானிய அரசு தன் எதிர்கால ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடக்கத்திலேயே உலகின் முன் வைத்தது இதன் தனிச்சிறப்பாகும்.

இலக்குகள்

திட்டத்தின் இலக்குகளை இரு பிரிவுகளாகக் காணலாம்.

பயன்பாட்டு இலக்குகள்: பேச்சையும் எழுத்தையும் படங்களையும் உள்வாங்கும் கணினிகள், மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் வல்லுநர்களைப் போல் ஆலோசனை கூறும் முறைமைகள், மொழிபெயர்ப்பு இயந்திரம் ஆகியன எதிர்பார்க்கப்பட்டன. மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை 1,00,000 சொற்கள் கொண்ட சொற்றொகுதியுடன் 90 விழுக்காட்டு வேலையை இயந்திரம் செய்ய, எஞ்சிய 10 விழுக்காட்டை மனிதர் செய்வது என இலக்கு வகுக்கப்பட்டது.

வன்பொருள் இலக்குகள்: ஒரு நொடிக்கு 10 கோடி முதல் 100 கோடி வரையான ஏரண உய்த்துணர்வுகளைச் செய்யும் இணைக் கணினியை உருவாக்குதல். ஒரு நொடிக்கு ஓர் உய்த்துணர்வு என்பது ஒரு லிப்ஸ் எனப்படும். ஓர் உய்த்துணர்வைச் செய்வதற்குச் சாதாரணக் கணினியில் ஏறத்தாழ 100 முதல் 1,000 கட்டளைகள் வரை தேவைப்படும் எனக் கணக்கிடப்பட்டது. அக்காலக் கணினிகள் சில பத்தாயிரம் லிப்ஸ் என்ற அளவிலேயே இருந்தன. ஆகவே இவ்விலக்கு ஆயிரம் மடங்குக்கும் அதிகமான வேக வளர்ச்சியை வேண்டியது.

அமைப்பும் நிதியும்

1982 ஏப்ரல் 14 ஆம் நாள், புதிய தலைமுறைக் கணினித் தொழில்நுட்ப நிறுவனம் (சுருக்கமாக ஐகாட்) தோக்கியோவில் நிறுவப்பட்டது. மிட்டி அமைச்சின் மின்தொழில்நுட்ப ஆய்வகத்தில் பணியாற்றிவந்த கசுகிரோ பூச்சி (1936–2006) இதன் ஆய்வு மைய இயக்குநராகப் பொறுப்பேற்றார். பூஜிட்சு, ஹிட்டாச்சி, என்.இ.சி., மிட்சுபிஷி, தோஷிபா, ஓக்கி, மட்சுஷிட்டா, ஷார்ப் ஆகிய எட்டு நிறுவனங்கள் இதில் பங்கேற்றன.

ஐகாட்டின் அமைப்பு வழக்கத்துக்கு மாறானது. நிறுவனங்களும் அரசு ஆய்வகங்களும் தம் ஆய்வாளர்களைச் சில ஆண்டுகளுக்கு ஐகாட்டுக்கு அனுப்பிவைத்தன. காலம் முடிந்ததும் அவர்கள் தம் நிறுவனங்களுக்குத் திரும்ப, புதியவர்கள் வந்தனர். தொடக்கத்தில் ஏறத்தாழ 40 ஆய்வாளர்கள் இருந்தனர். புதிய சிந்தனைக்கு இளையோரே ஏற்றவர் எனக் கருதிய பூச்சி, 35 வயதுக்குட்பட்டவர்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார். வயதையும் பணிமூப்பையும் பெரிதும் மதிக்கும் ஜப்பானிய அலுவலகப் பண்பாட்டில் இது துணிவான முடிவாகும்.

திட்டச் செலவை அரசே ஏற்றது. ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்பட்டாலும், பத்தாண்டுகள் தொடரும் என்ற உறுதி தொடக்கத்திலேயே அளிக்கப்பட்டிருந்ததால் உடனடி இலாபத்தை எதிர்பாராமல் ஆய்வாளர்கள் பணியாற்ற முடிந்தது.

தொழில்நுட்ப அடிப்படை

திட்டத்தின் மையக் கருத்து ஏரண நிரலாக்கம் ஆகும். வழக்கமான நிரல்மொழிகளில் ஒரு வேலையை எவ்வாறு செய்வது என்பதைப் படிப்படியாகக் கூற வேண்டும். ஏரண நிரலாக்கத்திலோ உண்மைகளையும் விதிகளையும் கூறினால் போதும். விடையைத் தேடும் பொறுப்பு கணினியைச் சேர்ந்தது. இவ்வகையில் முதன்மையானது புரோலாக் என்னும் நிரல்மொழி. இது 1972 ஆம் ஆண்டளவில் பிரான்சின் மார்சேய் நகரில் ஆலன் கோல்மரோவரும் அவரது குழுவினரும் உருவாக்கியது. பிரித்தானியாவில் பணியாற்றிய ராபர்ட் கோவால்ஸ்கி இதற்கான கோட்பாட்டு அடிப்படையை வளர்த்தார்.

எடுத்துக்காட்டாகப் பின்வரும் இரு உண்மைகளையும் ஒரு விதியையும் கருதுவோம்:

தந்தை(இராசராசன், இராசேந்திரன்).
தந்தை(இராசேந்திரன், இராசாதிராசன்).
பாட்டன்(அ, இ) :- தந்தை(அ, ஆ), தந்தை(ஆ, இ).

"அ என்பவர் ஆ என்பவரின் தந்தை எனவும், ஆ என்பவர் இ என்பவரின் தந்தை எனவும் இருந்தால், அ என்பவர் இ என்பவரின் பாட்டன்" என்பது மூன்றாம் வரியின் பொருள். இராசாதிராசனின் பாட்டன் யார் எனக் கேட்டால், அச்செய்தி எங்கும் நேரடியாகக் கூறப்படாதபோதும், கணினி இராசராசன் என விடையளிக்கும். இத்தகைய ஒரு படியே ஓர் உய்த்துணர்வு எனப்படுகிறது.

ஒன்றையொன்று சாராத உய்த்துணர்வுகளைப் பல செயலகங்களில் ஒரே நேரத்தில் நடத்த முடியும். எனவே ஏரண நிரலாக்கம் இணைச் செயலாக்கத்துக்கு இயல்பாகவே பொருந்தும் என ஐகாட் கருதியது. மேலே செயற்கை நுண்ணறிவுப் பயன்பாடுகள், கீழே இணைக் கணினி வன்பொருள், இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக ஏரணம் என்பதே பூச்சியின் அடிப்படைத் திட்டம் ஆகும்.

மூன்று கட்டங்கள்

முதற் கட்டம் (1982–1984): புரோலாக்கை அடிப்படையாகக் கொண்ட பி.எஸ்.ஐ. என்னும் தனியாள் பணிநிலையக் கணினியும் டெல்ட்டா என்னும் தரவுத்தள இயந்திரமும் உருவாக்கப்பட்டன. பி.எஸ்.ஐ. கணினிக்கான இயக்குதளம் முழுவதும் ஏரண நிரல்மொழியிலேயே எழுதப்பட்டது.

இரண்டாம் கட்டம் (1985–1988): இணைச் செயலாக்கத்தில் கவனம் திரும்பியது. முன்னதாக ஐகாட்டுக்கு வருகை தந்த இசுரேலிய ஆய்வாளர் எஹுட் ஷாப்பிரோ, உடனிகழ் புரோலாக் என்னும் மொழியை 1983 இல் உருவாக்கினார். அதன் தொடர்ச்சியாக ஐகாட்டின் கசுனோரி உவேடா காவலுடைய ஹார்ன் கூற்றுகள் என்னும் மொழியை வடிவமைத்தார். இதிலிருந்து கே.எல்.1 என்னும் திட்டத்தின் மைய மொழி பிறந்தது. 64 செயலகங்களைக் கொண்ட பல்-பி.எஸ்.ஐ. என்னும் சோதனைக் கணினியும் இக்கட்டத்தில் கட்டப்பட்டது.

இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் இருந்தது. புரோலாக்கில் ஒரு வழி பயன் தராவிட்டால் கணினி பின்வாங்கி மற்றொரு வழியை முயலும். கே.எல்.1 மொழியில் ஒரு வழி தேர்ந்தெடுக்கப்பட்டபின் பின்வாங்க முடியாது. செயலகங்களை ஒருங்கிணைக்க இது எளிதாக இருந்தது. ஆனால் தானே விடையைத் தேடும் ஆற்றல் என்னும் புரோலாக்கின் சிறப்பு இதனால் மறைந்தது. தேடலை நிரலாளரே எழுத வேண்டியதாயிற்று. வன்பொருளின் வசதிக்காக மொழி மாறியபோது, பாலத்தின் மறுகரையிலிருந்த செயற்கை நுண்ணறிவுப் பயன்பாடுகள் ஓரளவு விலகிப்போயின.

மூன்றாம் கட்டம் (1989–1992): பிம் எனப்படும் இணை உய்த்துணர்வுக் கணினிகள் ஐந்து வகைகளில் கட்டப்பட்டன. இவற்றுள் பூஜிட்சு கட்டியது 512 செயலகங்களையும், மிட்சுபிஷியும் ஹிட்டாச்சியும் கட்டியவை தலா 256 செயலகங்களையும் கொண்டவையாகத் திட்டமிடப்பட்டன. 10 கோடி லிப்ஸ் என்னும் கீழ் எல்லை எட்டப்பட்டது. தேற்றங்களை நிறுவும் நிரல், சட்ட வழக்குகளை ஆராயும் நிரல், மரபணு வரிசைகளை ஒப்பிடும் நிரல், சில்லு வடிவமைப்புக்கான நிரல் முதலியன இவற்றில் இயக்கிக் காட்டப்பட்டன.

1992 சூன் மாதம் தோக்கியோவில் நடந்த மாநாட்டில் முடிவுகள் வெளியிடப்பட்டன. ஐகாட் உருவாக்கிய மென்பொருள்களை எவரும் கட்டணமின்றிப் பெறலாம் எனவும் அறிவிக்கப்பட்டது. அரசுப் பணத்தில் உருவான மென்பொருளை எல்லைகளின்றி உலகுக்குத் திறந்துவிட்ட முன்னோடி நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. பின்னர் 1995 வரை நடந்த தொடர் திட்டத்தில், கே.எல்.1 நிரல்களைச் சாதாரண யுனிக்ஸ் கணினிகளில் இயக்குவதற்கான கிளிக் என்னும் தொகுப்பி உருவாக்கப்பட்டது.

பிற நாடுகளின் எதிர்வினை

தானுந்து, தொலைக்காட்சி, நினைவகச் சில்லு ஆகியவற்றைத் தொடர்ந்து கணினித் துறையையும் ஜப்பான் கைப்பற்றிவிடும் என்ற அச்சம் மேற்கு நாடுகளில் பரவியது. 1983 இல் எட்வர்ட் பைகன்பாமும் பமெலா மெக்கார்டக்கும் எழுதிய "ஐந்தாம் தலைமுறை" என்னும் நூல் இவ்வச்சத்தைப் பொதுமக்களிடையே கொண்டு சென்றது.

ஐக்கிய அமெரிக்கா: அமெரிக்க நிறுவனங்கள் பல இணைந்து எம்.சி.சி. என்னும் ஆய்வுக் கூட்டமைப்பை உருவாக்கின. முன்னாள் கடற்படைத் தளபதி பாபி ரே இன்மன் தலைமையில் இது 1983 இல் டெக்சாசின் ஆசுட்டின் நகரில் இயங்கத் தொடங்கியது. போட்டி நிறுவனங்கள் சேர்ந்து ஆய்வு செய்வதற்கு இருந்த சட்டத் தயக்கங்களை நீக்க 1984 இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா 1983 இல் தந்திரோபாயக் கணிமை முனைப்பைத் தொடங்கிப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 100 கோடி டாலரைச் செலவிட்டது.

பிரித்தானியா: 1973 இல் வெளிவந்த லைட்ஹில் அறிக்கையின் கடும் விமர்சனத்துக்குப் பின்னர் அங்கு செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கான நிதி பெரிதும் குறைக்கப்பட்டிருந்தது. ஜப்பானின் அறிவிப்பு நிலைமையை மாற்றியது. 1983 இல் 35 கோடி பவுண்டு மதிப்பில் அல்வி திட்டம் தொடங்கப்பட்டது. இதில் 20 கோடியை அரசும் எஞ்சியதைத் தொழிற்துறையும் ஏற்பதாக இருந்தது.

ஐரோப்பா: ஐரோப்பிய சமூகம் 1984 இல் எசுப்பிரிட் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் புல், ஐ.சி.எல்., சீமென்சு நிறுவனங்கள் மியூனிக் நகரில் கூட்டு ஆய்வு மையம் ஒன்றை நிறுவின. கட்டுப்பாடுகளுடன் கூடிய ஏரண நிரலாக்கத்தில் இம்மையத்தின் பணி பின்னர் கால அட்டவணையிடல் போன்ற தொழிற்துறைப் பயன்பாடுகளுக்கு வழிவகுத்தது.

இந்தியா: இந்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986 இல் அறிவுசார் கணினி முறைமைகள் திட்டத்தைத் தொடங்கியது. இது ஒரே நிறுவனத்தில் குவியாமல் பல மையங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வல்லுநர் முறைமைகளையும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் இணைச் செயலாக்கத்தையும், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனம் படிமச் செயலாக்கத்தையும், மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் பேச்சுச் செயலாக்கத்தையும், மும்பை தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் இயல்மொழியையும் ஆராய்ந்தன. ஜப்பானோடு ஒப்பிடுகையில் நிதி மிகச் சிறிது. எனினும் இந்தியாவில் செயற்கை நுண்ணறிவைப் பாடமாகவும் ஆய்வுத் துறையாகவும் வேரூன்றச் செய்ததில் இதற்குப் பங்குண்டு.

மதிப்பீடு

இத்திட்டம் வெற்றியா தோல்வியா என்பது எந்த இலக்கைக் கொண்டு அளப்பது என்பதைப் பொறுத்தது.

ஓர் இணைக் கணினியையும் அதற்கான மொழியையும் இயக்குதளத்தையும் அடியிலிருந்து உருவாக்குவது என்னும் இலக்கு நிறைவேறியது. தேற்றங்களை நிறுவும் எம்.ஜி.டி.பி. என்னும் நிரல், குவாசிகுரூப் எனப்படும் இயற்கணித அமைப்புகள் தொடர்பாக அதுவரை தீர்க்கப்படாதிருந்த சில வினாக்களுக்கு விடை கண்டது. கணினியியலில் பன்னாட்டு அளவில் மதிக்கப்படும் ஆய்வாளர் தலைமுறை ஒன்று ஜப்பானில் உருவானது.

ஆனால் பேசினால் புரிந்துகொள்ளும் கணினி, வல்லுநருக்கு நிகரான ஆலோசகர், மொழிபெயர்ப்பு இயந்திரம் என மக்கள் நினைவில் பதிந்திருந்தவை எவையும் கிட்டவில்லை. பிம் கணினிகள் ஆய்வகத்துக்கு வெளியே பரவவில்லை. இதற்கான முதன்மைக் காரணங்கள் வருமாறு:

1. பொதுப்பயன் கணினிகளின் வேகம். 1980களில் நுண்செயலிகளின் வேகம் விரைந்து உயர்ந்தது. ஏரண நிரல்களுக்கெனத் தனியாகக் கட்டப்பட்ட செயலகங்களின் வேகத்தை, சந்தையில் கிடைத்த பணிநிலையக் கணினிகளில் இயங்கிய புரோலாக் தொகுப்பிகளே எட்டிவிட்டன. ஐக்கிய அமெரிக்காவில் லிஸ்ப் மொழிக்கெனக் கட்டப்பட்ட கணினிகளின் சந்தையும் இதே காரணத்தால் 1987 இல் சரிந்தது.

2. அறிவைத் திரட்டும் சிக்கல். வல்லுநரின் அறிவை விதிகளாக எழுதுவது எதிர்பார்த்ததை விடக் கடினமானது. மருத்துவர் ஒருவர் அறிந்தவற்றுள் பெரும்பகுதியை அவராலேயே சொற்களில் கூற இயலாது. விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது ஒன்றோடொன்று முரண்படவும் தொடங்கும். வேகமான கணினி இச்சிக்கலைத் தீர்க்காது.

3. பயனர் இன்மை. பயன்பாடுகள் பெரும்பாலும் செய்துகாட்டல்களாகவே அமைந்தன. மருத்துவமனையோ நீதிமன்றமோ அரசு அலுவலகமோ அன்றாடம் பயன்படுத்தும் முறைமை ஒன்றை வழங்குவது ஐகாட்டின் பணியாக வகுக்கப்படவில்லை. பங்கேற்ற நிறுவனங்களின் வருவாயோ வழக்கமான பெருங்கணினிகளிலிருந்தே வந்தது.

4. ஒரே வழியில் ஊன்றி நின்றமை. ஏரண நிரலாக்கம் என்னும் ஒரே அடிப்படை 1982 இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. பத்தாண்டுகளும் அதுவே தொடர்ந்தது.

திட்டத்துக்கு வெளியே இருந்த பாதை

நான்காவது காரணத்தின் பொருளை அக்காலத்து ஜப்பானிய ஆய்வொன்று தெளிவாக்குகிறது. ஜப்பானியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் அறிவியல் ஆய்வகத்தில் பணியாற்றிய குனிஹிக்கோ புக்குஷிமா, விலங்குகளின் பார்வைப் புறணியை முன்மாதிரியாகக் கொண்டு நியோகாக்னிட்ரான் என்னும் செயற்கை நரம்பியல் வலையமைப்பை 1980 இல் வெளியிட்டார். எழுத்துக்களை விதிகளால் விளக்காமல், எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்று அடையாளம் காணும் அமைப்பு இது.

1986 இல் டேவிட் ரூமெல்ஹார்ட், ஜெப்ரி ஹின்டன், ரொனால்ட் வில்லியம்ஸ் ஆகியோர் பின்பரவல் முறையைப் பற்றி எழுதிய கட்டுரை நரம்பியல் வலையமைப்புகளுக்குப் புத்துயிர் அளித்தது. இவ்வழியில் வளர்ந்த சுருளல் நரம்பியல் வலையமைப்புகள் 2012 இல் படிம அடையாளப் போட்டியில் பெற்ற வெற்றி, இன்றைய செயற்கை நுண்ணறிவின் எழுச்சிக்குத் தொடக்கமாக அமைந்தது.

ஐந்தாம் தலைமுறைத் திட்டம் தேடிய பொருளுக்கான விதை, அத்திட்டம் தொடங்குவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே ஜப்பானில் இடப்பட்டிருந்தது. ஆயினும் அது தேசியத் திட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. எனினும் இதற்காக ஐகாட்டைக் குறைகூறுவது முழுதும் பொருந்தாது. 1982 இல் நரம்பியல் வலையமைப்புகளைப் பெரிய அளவில் பயிற்றுவிக்கப் போதிய தரவோ கணிப்பு ஆற்றலோ எங்கும் இருக்கவில்லை. எந்தப் பாதை வெல்லும் என்பதை முன்கூட்டியே அறிய முடியாது என்பதே இதிலிருந்து பெறப்படும் செய்தி.

பிற்கால ஜப்பானியத் திட்டங்கள்

மிட்டி 1992 இல் நிகழுலகக் கணிமைத் திட்டத்தைத் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் நடத்தியது. இதில் நரம்பியல் வலையமைப்பு, ஒளியியல் கணிமை எனப் பல வழிகளுக்கு இடமளிக்கப்பட்டது. 2001 இல் மிட்டி, பொருளாதார, வணிக, தொழில்துறை அமைச்சாக மாற்றியமைக்கப்பட்டது. பூச்சி பணியாற்றிய மின்தொழில்நுட்ப ஆய்வகமும் அவ்வாண்டில் தேசிய மேம்பட்ட தொழிலக அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

அந்நிறுவனம் 2018 இல் செயற்கை நுண்ணறிவுக்கென ஏ.பி.சி.ஐ. என்னும் மீத்திறன் கணினியை நிறுவியது. இதில் தனியாக வடிவமைத்த செயலகங்களுக்குப் பதிலாகச் சந்தையில் கிடைத்த 4,352 வரைவியல் செயலிகள் பயன்படுத்தப்பட்டன. நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இதனைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் வகையில் திறந்துவிடப்பட்டது. எந்த வழிமுறையைப் பின்பற்றுவது என்பதை அரசு கூறவில்லை. எல்லா வழிமுறைகளுக்கும் தேவைப்படும் வசதியை மட்டும் வழங்கியது. 2024 மே மாதத்தில், புகாக்கு மீத்திறன் கணினியில் பயிற்றுவிக்கப்பட்ட 1,300 கோடி அளபுருக்கள் கொண்ட ஜப்பானிய மொழி மாதிரி ஒன்று பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டது.

2025 மே மாதம் ஜப்பானிய நாடாளுமன்றம் செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பங்களின் ஆய்வு, மேம்பாடு, பயன்பாடு ஆகியவற்றை ஊக்குவிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பிரதமர் தலைமையில் ஒரு தலைமையகத்தை அமைக்கவும், தேசிய அடிப்படைத் திட்டம் ஒன்றை வகுக்கவும் இச்சட்டம் வழி செய்கிறது. ஆய்வை மட்டுமன்றிப் பயன்பாட்டையும் அரசின் பொறுப்பாகக் கூறுவது முந்தைய திட்டத்திலிருந்து இதனை வேறுபடுத்துகிறது.

அரசுகளுக்கான படிப்பினைகள்

செயற்கை நுண்ணறிவை வளர்க்க விரும்பும் அரசொன்று இத்திட்டத்தின் வரலாற்றிலிருந்து பின்வருவனவற்றை அறியலாம்.

பொதுவான வசதிகளில் முதலீடு செய்தல்: கணிப்பு ஆற்றல், தரவுத் தொகுப்புகள், கல்வி ஆகியன எந்த வழிமுறை வென்றாலும் பயன்படும். இந்திய அமைச்சரவை 2024 மார்ச் மாதம் 10,371.92 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்த இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கம், வரைவியல் செயலிகளைப் புத்தாக்க நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மானிய விலையில் கிடைக்கச் செய்வதைத் தன் கூறுகளில் ஒன்றாகக் கொண்டுள்ளது.

சந்தை கைவிடும் மொழிகளுக்குத் துணை நிற்றல்: ஐந்தாம் தலைமுறைத் திட்டத்தின் பின்னணியில் இருந்த மொழித் தேவை இன்றும் பல நாடுகளுக்குப் பொருந்துகிறது. இணையத்தில் உரை குறைவாக உள்ள மொழிகளுக்குத் தனியார் நிறுவனங்கள் முன்னுரிமை அளிப்பதில்லை. சிங்கப்பூரில் அரசு ஆதரவுடன் உருவாக்கப்பட்டு 2023 இல் வெளிவந்த சீ-லயன் மொழி மாதிரியின் மொழிகளுள் தமிழும் சேர்க்கப்பட்டது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

அரசே பயனராதல்: டார்ப்பாவின் நிதியில் உருவான டார்ட் என்னும் திட்டமிடல் கருவி 1991 வளைகுடாப் போரின்போது படைகளையும் தளவாடங்களையும் கொண்டு செல்லப் பயன்படுத்தப்பட்டது. உண்மையான தேவையும் காத்திருக்கும் பயனரும் இருந்ததால் அது ஆய்வகத்தைத் தாண்டியது. எனினும் அரசின் முடிவுகள் குடிமக்களின் உரிமைகளைத் தொடும்போது கூடுதல் கவனம் தேவை. நெதர்லாந்தில் நலத்திட்ட மோசடிகளைக் கண்டறிய அரசு பயன்படுத்திய சிரி என்னும் முறைமை, தனியுரிமையை மீறுவதாக 2020 பெப்ரவரியில் ஹேக் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் நிறுத்தப்பட்டது.

இடையில் திசை மாற்ற இடமளித்தல்: பத்தாண்டு நிதி உறுதி ஐகாட்டின் வலிமை, பத்தாண்டும் மாறாத ஒரே வழி அதன் குறை. நீண்ட கால ஆதரவும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திசையை மீளாய்வு செய்யும் ஏற்பாடும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

மிகையான எதிர்பார்ப்பைத் தவிர்த்தல்: பேசும் கணினி வரும் எனக் காத்திருந்தோருக்கு, எட்டப்பட்ட பயன்கள் கண்ணில் படவில்லை. 1980களின் இறுதியில் பல நாடுகளில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கான ஆதரவு குறைந்த காலம் "செயற்கை நுண்ணறிவுக் குளிர்காலம்" எனப்படுகிறது. இத்தகைய காலங்களில் பயனுள்ள ஆய்வுகளும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றன.

மனிதரை வளர்த்தல்: ஐகாட் கட்டிய கணினிகள் சில ஆண்டுகளிலேயே பழமையாகிவிட்டன. அங்கு பயின்று தம் நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் திரும்பிய ஆய்வாளர்கள் அதன்பின் பல ஆண்டுகள் பணியாற்றினர். இத்திட்டத்தின் பயன்களுள் நெடுங்காலம் நிலைத்தது இதுவே ஆகும்.